கொரியா அதிபர் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவராமே, உண்மையா?

கொருக்குப்பேட்டை பிரஸ்காரன்:
எனக்கு வேலை பவர் பிரஸ்ஸில், அச்சு பிரஸ் இல்லை, தகட்டை அழுத்தி வெட்டுகிற மெஷின். 1998இல் சேர்ந்தபோது வயது 15. மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், பெரியப்பா மகன் பெயரைப் போட்டுத்தான் உள்ளே விட்டார்கள். அடுத்த வருஷம் ஒரு நைட் ஷிப்டில், பெடலை மிதிக்காமலேயே பிரஸ் இரண்டாம் தடவை இறங்கிவிட்டது. இடது ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போச்சு. கார்டில் இருப்பதோ அண்ணன் பெயர். அவனுக்குப் பத்து விரலும் பத்திரம். அப்புறம் எனக்கு எங்கே பணம் வரும்? அந்தக் கம்பெனியை மூடியே பல வருஷமாகிவிட்டது, விடுங்கள்.

போன வாரம் டீக்கடையில் அக்கா மகன் சொன்னான்: "மாமா, இப்ப இருக்கிற தென்கொரியா அதிபரும் உன்னை மாதிரி பிரஸ்ல கையை விட்டவர்தான். அவரும் வேற ஆள் பேர்லதான் வேலைக்குப் போனாராம்." செல்போனில் வருவதையெல்லாம் நம்புகிற பையன் அவன். எந்தக் கை, எவ்வளவு போனது, அங்கிருந்து அந்த நாற்காலிக்கு எப்படிப் போனார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேசின் பிரிட்ஜ் ரிட்டயர்டு:
பையன் சொன்னது சரிதான் தம்பி. பெயர் லீ ஜே மியுங். ஆன்டோங் பக்கம் ஒரு மலைக்கிராமம். 1976இல் ஆரம்பப் பள்ளி முடித்த கையோடு குடும்பம் சொங்நாம் நகருக்கு வந்தது. அந்த ஊரின் கதையே தனி. சியோல் குடிசைகளைப் பிரித்துவிட்டு ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிய இடம் அது. சரியான வசதி இல்லை, பிழைப்பு இல்லை என்று 1971இல் கலவரமே நடந்தது. கூவம் கரை ஆட்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்களே, அந்த மாதிரி.

அப்பா மார்க்கெட்டில் குப்பை வாரினார். அம்மா அதே மார்க்கெட்டில் கட்டணக் கழிப்பறை வாசலில் உட்கார்ந்து காசு வாங்கினார். வயது பத்தாததால் பையன் வேறு பெயர்களில் ஃபேக்டரி ஃபேக்டரியாகப் போனான். பேஸ்பால் கையுறை செய்கிற இடத்தில் பிரஸ் இறங்கியது இடது மணிக்கட்டில். விரல் போகவில்லை, எலும்பு நொறுங்கியது. வளர்கிற வயது, கை கோணலாகவே வளர்ந்துவிட்டது. ஆண்களுக்கு ராணுவ சேவை கட்டாயமான நாட்டில் இவரை எடுக்கவில்லை.

நம் ஊரில் டுடோரியலில் சேர்ந்து பிரைவேட்டாகப் பரீட்சை எழுதுவோமே, அப்படித்தான் பள்ளிப் படிப்பை முடித்தார். 1982இல் உதவித்தொகையோடு சட்டப் படிப்பு, 1986இல் வக்கீல் தேர்வு. சொங்நாமுக்கே திரும்பி வந்து தொழிலாளர் வழக்குகளை எடுத்து நடத்தினார். ஊரில் பெரிய ஆஸ்பத்திரிகள் மூடிப்போக, நகராட்சியே ஒன்று கட்டட்டும் என்று ஜனங்கள் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள். 2004இல் மன்றம் அதை ஒரு நிமிஷம்கூடப் பேசாமல் தள்ளிவிட்டது. அரசியலுக்கு வந்தது அதற்கப்புறம்தான். இரண்டு தேர்தலில் தோற்று, 2010இல் மேயர். 2018இல் கியோங்கி மாகாண ஆளுநர். அங்கே ஆளுநரை ஜனங்கள்தான் ஓட்டுப் போட்டு எடுப்பார்கள், நம் ஊர் மாதிரி இல்லை.

தண்டையார்பேட்டை வாத்தியார்:
ஐயா பாதிக் கதைதான் சொல்கிறார். மேயராக இருந்த காலத்து நில மேம்பாட்டுத் திட்டத்துக்காக இவர் மேல் வழக்கு இருக்கிறது. தவறு செய்யவில்லை என்கிறார். தேர்தல் சட்ட வழக்கில் 2024 நவம்பரில் ஓராண்டுத் தண்டனை, அதையும் நிறுத்திவைத்தார்கள். 2025 மார்ச்சில் விடுதலை, மே 1இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. ஜூன் 3இல் அதிபராக ஜெயித்தார். விசாரணைகள் அப்படியே நின்றன. ஏழைப் பையன் கதையை எல்லா ஊர் அரசியல்வாதியும்தான் சொல்கிறான்.

ஆனால் ஒன்று. 2022 அதிபர் தேர்தலில் 0.73 சதவீத வித்தியாசத்தில் தோற்றவர். 2024 ஜனவரியில் பூசானில் கழுத்தில் கத்திக்குத்து வாங்கினார். அதே வருஷம் டிசம்பர் 3 ராத்திரி அப்போதைய அதிபர் யூன் சுக் இயோல் ராணுவச் சட்டம் அறிவித்ததும், நாடாளுமன்றச் சுவர் ஏறிக் குதித்து உள்ளே போனார், அதையும் செல்போனில் நேரலை விட்டுக்கொண்டே! 190 உறுப்பினர்கள் கூடி வாக்களித்து அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றார்கள். அறுபது வயதில் அந்தக் கோணல் கையோடு சுவர் ஏறியதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

கொருக்குப்பேட்டை பிரஸ்காரன்:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி வாத்தியாரே. வழக்கெல்லாம் இருக்கட்டும். போய் உட்கார்ந்த பிறகு எங்களை மாதிரி ஆட்களுக்கு ஏதாவது செய்தாரா?

பேசின் பிரிட்ஜ் ரிட்டயர்டு:
தொழிலாளர் அமைச்சராக ஒரு ரயில் டிரைவரைப் போட்டார், முன்னாள் தொழிற்சங்கத் தலைவர். அறிவிப்பு வந்த அன்றைக்கும் மனிதர் ரயில் ஓட்டிக்கொண்டிருந்தாராம். 33 வருஷம் இன்ஜினில் இருந்தவன் நான், இதை நாலு பேரிடம் சொல்லாமல் தூக்கம் வரவில்லை.

அப்புறம் 2025 ஆகஸ்டில் 'மஞ்சள் கவர் சட்டம்' வந்தது. கான்ட்ராக்ட் ஆட்கள் முதன்மைக் கம்பெனியோடே பேச்சுவார்த்தை நடத்தலாம். ஸ்டிரைக் செய்தவர்கள் மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவதற்கும் கட்டுப்பாடு. 2013இல், ஸ்டிரைக் செய்த ஒரு கார் கம்பெனி ஆட்கள் 470 கோடி வான் (அந்த ஊர்ப் பணம்) கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஒரு லட்சம் பேர் தலைக்கு 47,000 கொடுத்தால் அடைந்துவிடும் என்று கணக்குப் போட்டு ஒருவர் தன் பங்கை அனுப்ப, பலர் சேர்ந்துகொண்டார்கள். பணம் போட்டு அனுப்பியது மஞ்சள் கவரில். பழைய காலத்தில் அங்கே சம்பளம் அந்தக் கவரில்தான் வருமாம்.

கொருக்குப்பேட்டை பிரஸ்காரன்:
எனக்கும் கவரில்தான் ஐயா சம்பளம், காக்கி நிறம். மேலே அண்ணன் பெயர் எழுதியிருக்கும். ஒன்றை அம்மா இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள்.