டிரையாஸ்: ஆக்டோபெடலாவா, இன்டக்ரிஃபோலியாவா?

கேள்வி:
ஜூலையில் அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலையோரம், அட்டிகன் கணவாய்ப் பக்கம் எடுத்த படங்களை இனம்வாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். எட்டு வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள். டிரையாஸ் (குளிர்ப்பகுதிகளில் தரையோடு படரும் குறுஞ்செடிப் பேரினம்) என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எல்லாப் பூவும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது. ஆக்டோபெடலா, இன்டக்ரிஃபோலியா என்ற அதன் இரண்டு இனங்களை எதை வைத்துப் பிரிப்பது?

பதில்:
பூவை விடுங்கள், இலையைப் பாருங்கள். ஆக்டோபெடலாவுக்கு விளிம்பு முழுக்க வட்டமான பற்கள். நரம்புகள் அழுந்தி, மேற்புறம் சுருக்கம் விழுந்திருக்கும். இன்டக்ரிஃபோலியாவின் மேற்புறம் வழவழவென்று இருக்கும். விளிம்பு அடிப்பக்கமாகச் சுருண்டிருக்கும். பல் இருந்தாலும் காம்பை ஒட்டி ஓரிரண்டுதான்.

கேட்டவர்:
சரி, ஒன்றில் பாதி இலை வரை பல், அப்புறம் மொட்டை. இது எதில் சேர்த்தி?

பதில்:
கலப்பாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்து வளரும் இடங்களில் அது சகஜம். இலையைத் திருப்பி நடுநரம்பை லென்ஸில் பாருங்கள். வெள்ளைக் கம்பளிக்கு நடுவே, இறகுபோல் கிளைவிட்ட பழுப்பு முடிகள் தெரிந்தால் ஆக்டோபெடலா பக்கம் சாயலாம். ஆனால் பனி தேங்கும் பள்ளங்களில் வளரும் அலாஸ்கென்சிஸ் வகைக்கு இலை பெரிது. அந்த முடிகள் இருக்காது, காம்புள்ள சுரப்பிகள்தான். நான் ஏமாந்தது அதில்தான்.

இன்னொருவர்:
ஆற்றுச் சரளையில் மஞ்சளாய்த் தலைகுனிந்து, முழுசாக விரியாத பூ இருந்தால் அது ‘டிரம்மாண்டியை’ என்ற இன்னொரு டிரையாஸ் இனம். அதில் குழப்பமே வராது.

கேட்டவர்:
இலையின் அடிப்புறத்தை ஒரு படம்கூட எடுக்கவில்லை!