சின்ன மிஷன் பள்ளிக்கூடத்துல ஸ்போர்ட்ஸ் எப்பிடி? மகள்ட பேர வலயப் போட்டிக்குக் குடுத்திட்டாங்க

பட்டிருப்பு_அம்மா
வணக்கம். மகள் ஆறாம் தரம். முந்தி டவுன்ல பெரிய பள்ளிக்கூடத்துல படிச்சவ, இந்த வருசம் வீட்டுக்குக் கிட்ட இரிக்கிற சேர்ச் பள்ளிக்கூடத்துக்கு மாத்தினம், மொத்தமே இருநூறு புள்ளைகளுக்குள்ளதான். டவுன்ல இருக்கக்குள்ள பள்ளிக்குள்ள நடக்கிற இல்லப் போட்டி எண்டா கொடி ஆட்டினதைத் தவிர வேற ஒண்டும் செய்யல்ல. இங்க வந்து ரெண்டு மாசம், 100 மீட்டர், நீளம் பாய்தல், அஞ்சல் ஓட்டம், அதோட 14க்குக் கீழ் நெட்போல் டீம் வேற. நேத்து வந்து சொல்றா வலயத்துக்கும் போறாவாம். இல்லத்துலயே மூண்டாமிடம் வந்த புள்ள! இது என்ன செலக்சன்? "பங்குபற்றினார்" எண்டு மட்டும் போட்டுத் தாற சேர்ட்டிபிகேட்டுக்கு ஏதும் பெறுமதி இரிக்கா? மிஷன் எண்டதால சேர்ச்சுக்குள்ள வேற போட்டியா நடக்கிற?

பழைய_பீடி_சேர் (கல்முனை)
கடைசிக் கேள்விய முதல்ல சொல்றன். போர்டுல றோ.க.த.க. (றோமன் கத்தோலிக்க தமிழ் கலவன்) எண்டோ மெதடிஸ்த மிஷன் எண்டோ இருந்தாலும் 1960கள்ட தொடக்கத்துல அரசாங்கம் எடுத்த பள்ளிக்கூடங்கள்தான் கூட, பேரும் பாட்டும் பூசையும் மட்டும் மிச்சம். அதால போட்டி எல்லாருக்கும் ஒரே ஏணிதான் தங்கச்சி, இல்லம், சில இடத்துல கோட்டம், பிறகு பல கோட்டம் சேர்ந்த கல்வி வலயம், மாகாணம், தேசியம். மட்டக்களப்பு மாவட்டத்துல அஞ்சு வலயம், பட்டிருப்பு அதுல ஒண்டு. மாகாணத்துக்குப் போனா அம்பாறையும் திருகோணமலையும் வந்து நிக்கும். அங்க ஸ்டார்ட் லைன்ல நிக்கக்குள்ள இருநூறு பேர் பள்ளியா ரெண்டாயிரம் பேர் பள்ளியா எண்டு யாரும் கேக்க மாட்டாங்க.

இனி செலக்சன். இது கணக்குதான், வேற ஒண்டுமில்ல. நெட்போலுக்கு ஏழு பேர், கபடிக்கு ஏழு, வொலிபோலுக்கு ஆறு, புட்போலுக்கு பதினொண்டு. உங்கட மகள்ட வயசுல அந்தப் பள்ளியில எத்தின பொம்புளப் புள்ளைகள் இரிக்கும், பன்னண்டு? அதுல ரெண்டு பேருக்கு வீட்டுல விடமாட்டாங்க, ஒராளுக்கு இழுப்பு. மிச்சம் இருக்கிறவங்கதான் டீம். கீழ் வயசுப் புள்ள மேல் பிரிவுல விளையாடலாம், மேல உள்ளவர் கீழ இறங்கேலா, அதாலதான் மகள 14க்குள்ள இழுத்திரிக்காங்க. சின்னப் பள்ளிகள் கிரிக்கெட் பக்கம் போகாததும் இதாலதான், அத விட கேரம், செஸ், கபடி எண்டு போனா ஆக்களத் தேடித் திரியத் தேவல்ல.

ஓடாத_ஓட்டக்காரன்
நானும் 150 பேர் பள்ளிதான் படிச்ச. வலயத்துக்கு முதல் தரம் வந்த அண்டைக்குத்தான் ஸ்டார்டிங் புளொக்கையே கண்ட, காலை எங்க வைக்கிற எண்டு தெரியாம சும்மா நிண்டு ஓடினன். எட்டாமிடம். ஓடினது எட்டுப் பேர்.
சேர்ட்டிபிகேட் கதைக்கு வருவம், வலயத்துல பங்குபற்றின பேப்பர் பைலுக்குள்ள கிடக்கும், அவ்வளவுதான். மாகாணத்துல இடம் எடுத்தா பிறகு கதை வேற. ஆனா அண்ணே சொன்ன ஏணியில கால் வைக்கிறதுக்கே டவுன் புள்ளைக்கு நூறு பேரைத் தள்ள வேணும், உங்கட மகளுக்கு அது சும்மா கிடைச்சிரிக்கி. (மட்டக்களப்பு டவுன்ல வெபர் ஸ்டேடியம் எண்டு சொல்றமே, அது அமெரிக்காவுல இருந்து வந்து இங்க புள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கின யேசுசபைச் சாமி வெபர்ட பேர். இப்ப உள்ள பொடியன்மாருக்கு அது யாரெண்டே தெரியாது.)

கல்லாறு_ராணி
எல்லாரும் நல்லதையே சொல்றீங்க. எண்ட மகன் இப்பிடித்தான் ஒரே கிழமைக்குள்ள வொலிபோல், கபடி, 1500 மீட்டர் மூண்டும், ஏனெண்டா எல்லா டீம்லயும் அதே ஏழு பேர்தான். முழங்கால் வீங்கி ஒரு மாசம் வீட்ட. சேர்ட்ட கேட்டா "அவன் இல்லாட்டி டீமே இல்ல மிஸ்" எண்டார். நீங்க போய் கதைங்க கா, ஓட்டத்துல ஒண்டு, டீம் ஒண்டு, அதுக்கு மேல வேணாம் எண்டு இப்பவே சொல்லிப் போடுங்க. ஞாயிறு பூசைக்குப் பிறகு பிராக்டிஸ் எண்டு கூப்பிடுவாங்க, வெயில் உச்சியில நிக்கும், தொப்பியும் தண்ணியும் மறக்காதீங்க.

பழைய_பீடி_சேர் (கல்முனை)
ராணி சொல்றது சரி, அந்தப் பிழைய நானும் செஞ்சிரிக்கன்.

பட்டிருப்பு_அம்மா
இண்டைக்குப் போய் ரீச்சரக் கண்ட. 12க்குக் கீழ பொம்புளப் புள்ளைகள் மொத்தம் அஞ்சு பேராம், அஞ்சல் ஓட்டத்துக்கு நாலு வேணும், அஞ்சாவது புள்ளைக்குக் கண்ணாடி. நீளம் பாய்தல வெட்டச் சொன்னன், உடன வெட்டினா. நெட்போல விட ஏலாதாம், விட்டா ஆறு பேர். சரி எண்டு வந்திட்டன். களுவாஞ்சிக்குடியில ஓடுற சப்பாத்து மூண்டாம் நம்பர் மலிவா எடுக்க எந்தக் கடை நல்லம்?