கடையில் ஒரு பேர், பரீட்சையில் ஒரு பேர்: சிசிஎன்ஏ சொற்கள் மண்டையில் ஏற என்ன வழி?

கிரிம்பிங்காரன் (அம்பாசமுத்திரம்) கேட்டது:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். எட்டு வருஷமாக அம்பை, கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் பக்கம் சிசிடிவி கேமராவும் லேன் கேபிளும் போட்டுக்கொண்டிருக்கிறேன். கேபிளுக்குள் இருக்கிற எட்டுக் கம்பியின் வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வேன். ஆனால் சிசிஎன்ஏ (சிஸ்கோ கம்பெனி நடத்துகிற நெட்வொர்க் பரீட்சை) புத்தகத்தைத் திறந்தால் பத்தாவது பக்கத்தில் தூக்கம் வந்துவிடுகிறது.

சிக்கல் வேலையில் இல்லை, பேரில்தான் இருக்கிறது. எங்கள் பக்கம் ஆன்டெனா வைத்த வெள்ளைப் பெட்டி எல்லாமே ரௌட்டர். ஃபைபர் வந்து சேருகிற பெட்டி மோடம். புத்தகத்தில் ரௌட்டர் என்றால் வேறு என்னவோ. மாதிரித் தேர்வில் ‘இந்தப் படத்தில் எத்தனை பிராட்காஸ்ட் டொமைன், எத்தனை கொலிஷன் டொமைன்’ என்று கேட்டார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று ஒரே எண்ணைப் போட்டேன். பத்துக்கு நாலு.

போன மாதம் ஒரு ஜவுளிக்கடையில் நடந்ததைச் சொல்கிறேன். முதலாளி மாடிக்கு வைஃபை வேண்டும் என்று தானே ஒரு பெட்டி வாங்கி, ஸ்விட்சிலிருந்து போன கேபிளை அதன் லேன் ஓட்டையில் சொருகிவிட்டார். மறுநாள் காலையில் நாலு பில்லிங் கம்ப்யூட்டரில் இரண்டு ஓடுகிறது, இரண்டு ஓடவில்லை. ஓடாததில் பார்த்தால் ஐபி, அதாவது கம்ப்யூட்டரின் முகவரி எண், 192.168.0 என்று ஆரம்பிக்கிறது. கடையில் இருப்பதோ 192.168.1. மாடிப் பெட்டியைப் பிடுங்கி, கம்ப்யூட்டர்களை ஆஃப் செய்து ஆன் செய்தேன், சரியாகிவிட்டது. ஏன் சரியானது என்று யாராவது ஆங்கிலத்தில் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. இதையெல்லாம் எப்படிப் படிப்பது? ஃபிரேம், பாக்கெட், ஐபிக்குப் பின்னால் கோடு போட்டு எழுதுகிற 24, 26 எதுவும் பிடிபடவில்லை.

பொருநைக்கரை (பாளையங்கோட்டை) பதில்:

தம்பி, நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புத்தகத்தை ஒரு வாரம் மூடி வையும். அந்த ஜவுளிக்கடையை ஒரு தாளில் படமாகப் போடும். பாதிப் பாடம் அதற்குள்ளேயே கிடக்கிறது. சொல்கிறேன், பாரும்.

காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அதற்கு ஐபி கிடையாது. ‘எனக்கு யார் முகவரி தருவீர்கள்?’ என்று எல்லாருக்கும் கேட்கக் கத்துகிறது. அதுதான் டிஸ்கவர். முகவரி தருகிற பெட்டி ‘இதை வைத்துக்கொள்’ என்கிறது, அது ஆஃபர். ‘சரி, அதையே கொடு’ என்பது ரெக்வெஸ்ட். ‘கொடுத்தாச்சு’ என்பது அக்னாலட்ஜ்மென்ட். நாலும் சேர்ந்ததுதான் டிஹெச்சிபி. தருகிறவர் பக்கம் போர்ட் 67, வாங்குகிறவர் பக்கம் 68 (இந்தப் போர்ட் கேபிள் ஓட்டை இல்லை, வெறும் எண்). இரண்டும் யுடிபி, போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்புகிற முறை. உம்முடைய கடையில் முகவரி தர இரண்டு பெட்டி உட்கார்ந்திருந்தன. யாருடைய ஆஃபர் முதலில் வந்ததோ அதை அந்தக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டது. மாடிப் பெட்டியிடம் வாங்கியவை அதையே டிஃபால்ட் கேட்வே, வெளியே போகிற வாசல், என்று நம்பின. அந்தப் பெட்டியின் வான் ஓட்டையோ (இன்டர்நெட் வந்து சேருகிற ஓட்டை) காலி. வெளியே போக வழியே இல்லாதவனை வாசல் காவலுக்கு வைத்த மாதிரி. இப்படி அனுமதியில்லாமல் முகவரி தருகிற பெட்டிக்குப் பரீட்சையில் பேர் ரோக் டிஹெச்சிபி சர்வர். தடுக்கிற வழிக்குப் பேர் டிஹெச்சிபி ஸ்னூப்பிங்: ஸ்விட்சில் ஒரு போர்ட்டை (இங்கே கேபிள் சொருகுகிற ஓட்டை) மட்டும் நம்பிக்கையான போர்ட் என்று குறித்துவிட்டால், மற்ற போர்ட்டிலிருந்து வருகிற ஆஃபரை ஸ்விட்சே கீழே போட்டுவிடும். ஜவுளிக்கடையில் இருக்கிற மலிவான ஸ்விட்சில் இது இருக்காது, அதனால்தான் நீர் பிடுங்க வேண்டி வந்தது. பிடுங்காமலும் முடித்திருக்கலாம். மாடிப் பெட்டியில் டிஹெச்சிபியை நிறுத்தி, அதன் ஐபியை 192.168.1.2 என்று மாற்றிவிட்டால் அது வெறும் அக்சஸ் பாயிண்ட், வைஃபை மட்டும் தரும். கண்ணுக்குத் தெரிகிற பெட்டி ஒன்று, அதற்குள் வேலை நாலைந்து: ரௌட்டர் (ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவது), ஸ்விட்ச் (ஒரே நெட்வொர்க்கில் கம்ப்யூட்டர்களை இணைப்பது), அக்சஸ் பாயிண்ட், டிஹெச்சிபி, நாட் (உள்ளே இருக்கிற ஐபியை வெளி ஐபியாக மாற்றுவது). நீர் பெட்டிக்குப் பேர் வைக்கிறீர், பரீட்சை வேலைக்குப் பேர் வைக்கிறது. உம்முடைய குழப்பம் முழுக்க இவ்வளவுதான்.

டொமைன் விஷயம். கோயில் கொடைக்கு ரேடியோ செட் கட்டினால் அந்தக் கரை முழுக்கக் கேட்கும், ஆற்றுக்கு அக்கரையில் கேட்காது. கேட்கிற எல்லைதான் பிராட்காஸ்ட் டொமைன், ரௌட்டர்தான் ஆறு. டிஸ்கவர் என்று கத்துவது கடையின் எல்லா மூலைக்கும் போகும், ரௌட்டரைத் தாண்டாது. கொலிஷன் வேறு. இரண்டு பேர் ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் பேசினால் மோதும். பழைய ஹப்பில் எத்தனை ஓட்டை இருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரே மோதல் எல்லை. ஸ்விட்சில் ஓட்டைக்கு ஒன்று. ஆக 24 போர்ட் ஸ்விட்சில் 24 கம்ப்யூட்டர் மாட்டினால் கொலிஷன் டொமைன் 24, பிராட்காஸ்ட் டொமைன் 1. அதே ஸ்விட்சை இரண்டு விலானாக, அதாவது தனித்தனி நெட்வொர்க் மாதிரி, பிரித்தால் பிராட்காஸ்ட் 2 ஆகும், கொலிஷன் 24 அப்படியே நிற்கும். இன்றைக்கு ஸ்விட்சில் எல்லாமே ஃபுல் டூப்ளெக்ஸ், ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பேசலாம், மோதலே கிடையாது. இருந்தும் எண்ணச் சொல்கிறார்கள். எண்ணிவிட்டுப் போவோம்.

கோடு போட்ட எண்ணுக்கு பின்கோடை நினையும். அம்பை 627401, பாளை 627002. முதல் மூன்று எண் பொது, அது பெரிய வட்டாரம். மிச்சம் அதற்குள் இடம். ஐபியிலும் முன்பாதி வட்டாரம், பின்பாதி வீடு.

ரெண்டாவது அட்டெம்ப்ட் (மேலப்பாளையம்) பதில்:

அண்ணாச்சி சொன்ன கொடை உதாரணத்தை நான் எடுத்துக்கொண்டேன். பின்கோடு உதாரணத்தில் மட்டும் எனக்கு வழக்கு உண்டு. பின்கோடில் கோடு எப்போதும் மூன்றாவது எண்ணுக்குப் பிறகுதான் விழும். 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனபிறகும் அங்கே 627தான் ஓடுகிறது. ஐபியில் கோட்டை எங்கே போடுவது என்பதை நாம் தீர்மானிக்கிறோம், அதுதான் சப்நெட்டிங். ஐபி மொத்தம் 32 பிட், அதாவது 0 அல்லது 1 எழுதுகிற 32 இடம். 26 என்று போட்டால் மிச்சம் 6 பிட், அதாவது 64 முகவரி. முதலாவது நெட்வொர்க்கின் பேர், கடைசி பிராட்காஸ்ட், இரண்டையும் கழித்தால் 62. ஆகவே எல்லைகள் 0, 64, 128, 192. இந்த நாலு எண்ணை விரலில் வைத்துக்கொண்டால் போதும், பைனரி எழுதி நேரத்தைத் தொலைக்க வேண்டாம். நான் முதல் தடவை தோற்றதே அப்படித்தான். 120 நிமிஷத்தில் ஒவ்வொன்றுக்கும் எட்டு எட்டாகப் பெட்டி வரைந்து கொண்டிருந்தேன். ஒரு கேள்வியை விட்டுவிட்டு அப்புறம் திரும்பி வரவும் முடியாது, அதுவும் தெரியாமல் போய் உட்கார்ந்தேன்.

ஃபிரேமும் பாக்கெட்டும்: நெல்லைக்காரர்கள் இதற்கு அல்வாவும் இலையும் பொட்டலமும் என்று ஆரம்பிப்பார்கள், நான் பஸ்ஸையே சொல்கிறேன். நேர் பஸ் தவறின நாளில் அம்பையிலிருந்து திருச்செந்தூர் போகிறீர்கள். நெல்லை புதிய பஸ் ஸ்டாண்டு வரை ஒரு டிக்கெட், அங்கே இறங்கி வேறு பஸ், வேறு டிக்கெட். நீங்களும் போகிற ஊரும் மாறவில்லை, டிக்கெட் மட்டும் மாறுகிறது. நீங்கள் பாக்கெட், டிக்கெட் ஃபிரேம். பாக்கெட்டில் இருக்கிற ஐபி கடைசி வரை அதேதான். நாட் வந்தால் மாறும், அதைத் தனியாகப் படியுங்கள். ஃபிரேமில் இருக்கிற மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) ஒவ்வொரு ரௌட்டரும் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதும். ‘இரண்டாவது ரௌட்டரைத் தாண்டும்போது டெஸ்டினேஷன் மேக் என்ன’ என்ற கேள்வியை இதை வைத்தே அடித்தேன்.

இன்னொன்று. சொற்களைத் தமிழாக்கிப் படிக்காதீர்கள் அண்ணே. விளக்கம் தமிழில் இருக்கட்டும், பேர் திரையில் வருகிறபடியே இருக்கட்டும். எங்கள் பேட்ச்சில் ஒரு தம்பி ‘உறைப்படுத்தல்’ என்று அழகாகப் படித்துவிட்டு, தேர்வில் அதன் ஆங்கிலப் பேரான என்காப்சுலேஷனைப் பார்த்து முழித்தான்.

வயர்மேன் (வள்ளியூர்) பதில்:

கேபிள்காரருக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்விட்சும் ஸ்விட்சும் என்றால் கிராஸ்ஓவர் (இரண்டு முனையிலும் கம்பி வரிசை வேறு), கம்ப்யூட்டரும் ஸ்விட்சும் என்றால் ஸ்ட்ரெய்ட் த்ரூ (இரண்டு முனையிலும் ஒரே வரிசை) என்று படிக்கவேண்டும். ‘நான் எதை மாட்டினாலும் ஓடுகிறதே’ என்று வாதாடக்கூடாது. பெட்டியே கண்டுபிடித்துத் திருப்பிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

கிரிம்பிங்காரன்:

கடைப் படம் போட்டாச்சு அண்ணாச்சி. ஒரு தாள் போதவில்லை, காலண்டரைக் கிழித்துப் பின்பக்கம் வரைந்தேன். மேலப்பாளையம் அக்கா சொன்ன முறைப்படி 192.168.10.77, கோடு 26, இதைப் போட்டுப் பார்த்தேன். நெட்வொர்க் 64, பிராட்காஸ்ட் 128. சரியா?

ரெண்டாவது அட்டெம்ப்ட்:

128 அடுத்த வட்டாரத்தின் பேர். அதற்கு ஒன்று முன்னால், 127.

கிரிம்பிங்காரன்:

சரி, புரிந்தது. முதல் முகவரி 65, கடைசி 126. இனிமேல் மறக்காது.

இன்று அந்த ஜவுளிக்கடைக்குப் போய் மாடிப் பெட்டியை அக்சஸ் பாயிண்டாக மாற்றிவிட்டு வந்தேன். முதலாளியிடம், ‘அன்றைக்கு வந்த பிரச்சினைக்குப் பேர் ரோக் டிஹெச்சிபி அண்ணாச்சி’ என்றேன். ‘அதுக்குத் தனி பில்லாடே?’ என்று கேட்டார்.