எருக்கு தப்பிக்குது, நெல்லு மட்டும் ஏன் மாட்டிக்குது?

தாளடி வரப்பு:
மன்னார்குடி பக்கம் நமக்கு 3 ஏக்கர். போன சம்பாவுல தண்டுல சாறு உறிஞ்சுற புகையான் பூச்சி வந்து வட்டம் வட்டமா தீஞ்ச மாதிரி ஆயிடுச்சு, ரெண்டு தடவை மருந்தடிச்சும் நிக்கல. அதே வரப்புல இருக்க எருக்கு மட்டும் ஒண்ணும் ஆகாம நின்னுச்சு. ஆனா நேத்து பாத்தா அதுலயும் ஒரு புழு, வெள்ளை கருப்பு மஞ்சள்னு வரி வரியா, முதுகுல மூணு ஜோடி கருப்புக் கொம்பு, இலையை நிதானமா தின்னுக்கிட்டு இருக்கு. எருக்கம்பால் விஷம்தானே, அது எப்படி சாகல? நெல்லுக்குன்னு இப்படி எதுவுமே கிடையாதாண்ணே?

வெண்ணாத்தங்கரை:
தம்பி, அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியோட புழு. எருக்கம்பால்ல இருக்க விஷம் மத்த பூச்சிக்கு ஆகாது, இது மட்டும் அதைத் தாங்கிக்கப் பழகிடுச்சு, அதோட விடாம அந்த விஷத்தை உடம்புல சேத்தும் வச்சுக்குது, குருவி கொத்துனா குமட்டும். அந்த வரியே எச்சரிக்கை போர்டுதான்.

நெல்லும் சும்மா இல்ல. பூச்சி கடிச்சதும் செடிக்குள்ள ஜாஸ்மோனிக் அமிலம் ஏறும் (மல்லிகை எண்ணெய்ல 1962ல கண்டுபிடிச்ச வாசனைப் பொருளோட உறவு, அதான் அந்தப் பேரு). புகையிலையில இதே அமிலம்தான் வேருக்குத் தகவல் சொல்லி நிக்கோட்டின் அதிகமா செய்ய வைக்குது. நெல்லு வேற வழி, லினலூல்னு ஒரு வாசனையைக் காத்துல விடும். கொத்தமல்லி விதையை நசுக்குனா வருதே, அதுல முக்கியமான வாசனை இதுதான். புகையான் தண்டுக்குள்ள வச்ச முட்டையில தன் முட்டையை வைக்கிற குளவி ஒண்ணு இருக்கு, 1 மில்லிமீட்டர் கூட இருக்காது, அது இந்த வாசனை புடிச்சுத்தான் வருது.

தாளடி வரப்பு:
அப்போ நான் அடிச்ச மருந்துல அந்தக் குளவியும் போயிருக்குமேண்ணே? மனசு கஷ்டமா இருக்கு.

வெண்ணாத்தங்கரை:
போயிருக்கும், சிலந்தியும் சேந்துதான். சில பைரித்ராய்டு மருந்தடிச்சா புகையான் முன்ன விட ஜாஸ்தியா திரும்பி வரும், அதை நம்மூர்ல நிறைய பேர் பாத்துட்டோம். யூரியாவை அள்ளிக் கொட்டுனாலும் அப்படித்தான், பயிர் கருகருன்னு தழதழன்னு இருக்கும், புகையானுக்கு அதுதான் விருந்து. பிரிச்சுப் போடு. நடும்போதே எட்டடிக்கு ஓரடி பட்டம், அதான் நடாம விடுற சந்து, விட்டா தூருக்குள்ள காத்தும் வெயிலும் போகும்.

வேப்பங்கொட்டை:
என் பங்குக்கு ஒண்ணு. வேப்பங்கொட்டையில இருக்க அசாடிராக்டின் பூச்சியை உடனே கொல்லாது, திங்க விடாது, தோலுரிக்க விடாது, அதனால மறுநாளே போய்ப் பாத்துட்டு வேலை செய்யலன்னு விட்டுடாதீங்க. 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடிச்சுத் துணியில கட்டி ராத்திரி ஊறப்போட்டு, பிழிஞ்சு வடிகட்டி 100 லிட்டராக்கி கொஞ்சம் சோப்புக் கரைசல் சேத்து அடிங்க. வெயில்ல சீக்கிரம் சிதைஞ்சுடும், சாயங்காலம்தான் சரி. புகையான் தூர்லதான் உக்காந்திருக்கும், மேலாப்புல அடிச்சுட்டு வந்தா பிரயோஜனமில்ல.

தாளடி வரப்பு:
ரொம்ப நன்றிண்ணே. இந்த தடவை பட்டம் விட்டுத்தான் நடவு. காலையில அந்தப் புழுவை மறுபடி போய்ப் பாத்தேன், பாதி இலை காலி, அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்.