சாட்டிலைட் ரேடியோவுக்குத் தமிழில் என்ன சொல்வது? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

(வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற சாட்டிலைட் ரேடியோ சேவை இயங்கிய காலத்தில், தென்னாப்பிரிக்காவிலும் மொரீஷியஸிலும் வாழும் தமிழர்களிடையே நடந்த மடல் உரையாடல். அந்தச் சேவை 2009 வாக்கில் நின்றுவிட்டது.)

சாட்ஸ்வொர்த், டர்பனிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தில் சனிக்கிழமைதோறும் பெரியவர்களுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். எழுபதைத் தாண்டியவர்களே அதிகம். ஒரு காலத்தில் சிற்றலையில், இரைச்சலுக்கு நடுவே, குமிழைத் திருகித் திருகி இந்தியாவையும் இலங்கையையும் பிடித்துக் கேட்டவர்கள். இப்போது பிள்ளைகள் சாட்டிலைட் ரேடியோ வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். எதற்குப் பணம் கட்டுவது, எந்தப் பெட்டியை வாங்குவது என்று என்னிடம் கேட்கிறார்கள். நான்கு பக்கத்தில் ஒரு கையேடு எழுதிவிட்டேன். அச்சகம் வெள்ளிக்கிழமை கேட்கிறது.

சாட்டிலைட் ரேடியோ, போர்ட்டபிள் ரிசீவர், ஆன்டெனா ஆகிய மூன்றில்தான் நிற்கிறேன். குறிப்பில் ஒரு சொல் தவறினால் என்ன ஆகும் என்பதை நானே அனுபவித்தேன். பெட்டி வந்த அன்று, இந்தியாவிலிருந்து உறவினர் அனுப்பிய தமிழ்க் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் சொன்னபடி கிழக்கு ஜன்னலில் ஆன்டெனாவை நிறுத்தினேன். ஒரு மணி நேரம் சத்தமே இல்லை. பிறகுதான் உறைத்தது: இந்தியாவுக்கு ஒலிபரப்பும் ஆசியாஸ்டார் என்ற செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 105 பாகையில் நிற்கிறது. நமக்கு ஒலிபரப்பும் ஆஃப்ரிஸ்டார் கிழக்குத் தீர்க்கரேகை 21 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு மேலே இருக்கிறது. டர்பனிலிருந்து பார்த்தால் வடக்கே, சற்று மேற்காக, வானத்தில் பாதி உயரத்துக்கும் கொஞ்சம் மேலே. சமையலறையின் வடக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோய் ஆன்டெனாத் தட்டை அண்ணாந்து சாய்த்ததும் திரையில் அலைவலுக் கட்டங்கள் ஒவ்வொன்றாக ஏறின. பேச்சு கணீரென்று வந்தது.

ஆகவே படிப்பவர் பெட்டியைச் சரியான இடத்தில் வைக்க உதவும் சொற்களாகத் தாருங்கள்.

*

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

டர்பன் தம்பிக்கு,

ரிசீவருக்குச் சொல் தேடி அலைய வேண்டாம். வள்ளுவரிடமே இருக்கிறது. ஒன்பதாம் குறளில் ‘கோளில் பொறி’ என்கிறார். தனக்குரிய புலனைக் கொள்ளாத பொறி, அதாவது காணாத கண், கேளாத காது. அங்கே கோள் என்பது கொள்ளுதல். படு என்பது பாடு ஆவதுபோல, சுடு என்பது சூடு ஆவதுபோல, கொள் என்பது கோள் ஆயிற்று. முதனிலை திரிந்த தொழிற்பெயர். கோளில்லாத பொறி வேலைசெய்யாத உறுப்பு என்றால், கோளுள்ள பொறி எது? கோட்பொறி. அலையைக் கொள்ளும் பொறி. பொறி என்ற சொல் புலனுறுப்பையும் குறிக்கும், இயந்திரத்தையும் குறிக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். ரிசீவர் என்பதன் முழுப்பொருளும் நான்கு எழுத்தில் அடங்கிவிட்டது.

இன்னும் ஒன்று. வானத்துக் கோளும் இதே கொள்ளிலிருந்து வந்ததுதான். வடமொழிக் கிரகமும் பற்றுதல் என்னும் பொருளுள்ள வேரில் பிறந்தது. மேலே சுற்றுவது கோள், கீழே வாங்குவது கோட்பொறி. வானமும் வீடும் ஒரே வேரில் இணைகின்றன.

ஏற்பி, பெறுவி என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள். பெறுவி என்றால் பெறச்செய்வது. அங்கே ‘வி’ பிறவினை விகுதி. வாங்கி என்று முடிக்கலாமே என்பீர்கள். ஒலிவாங்கி மைக்குக்குப் போய்விட்டது. சப்ஸ்கிரிப்ஷனுக்குச் சந்தா என்று எழுதியிருப்பீர்கள் என்று அஞ்சுகிறேன். அது பாரசீகம். கட்டணம் போதும்.

*

போர்ட் லூயியிலிருந்து:

ஐயாவுக்கு வணக்கம். தங்கள் விளக்கத்தை இரண்டு முறை படித்தேன். ஒன்பதாம் குறளை இனி வேறு விதமாகத்தான் நினைப்பேன். ஆனால் கோட்பொறியைக் கரும்பலகையில் எழுதி மாணவர்களிடம் காட்டினேன். மூன்று பேர் ‘கோட்பாடு’ என்று வாசித்தார்கள். ஒரு சிறுமி, “கோள் சொல்லும் பொறியா, மிஸ்?” என்று கேட்டாள். வீட்டில் கிரியோல் பேசி, வகுப்பில் எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கும் பிள்ளை அவள். அவளுக்கு ஒரு சொல் இரண்டாம் முறை விளக்கம் இல்லாமல் நிற்க வேண்டும். நின்றால்தான் அது கலைச்சொல்.

சாட்டிலைட் ரேடியோவுக்கு என்னுடைய பரிந்துரை விண்ணொலி. வானூர்தி பறப்பது வான், விண்கலம் போவது விண். கோபுரத்திலிருந்து வந்தால் வானொலி, செயற்கைக்கோளிலிருந்து வந்தால் விண்ணொலி. முதல் பகுதி மட்டும் வேறுபட, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பிள்ளைகள் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள்.

*

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

அம்மா, விண்ணும் வானும் வேறு வேறு என்று யார் சொன்னது? வான்சிறப்பு அதிகாரத்தையே எடுங்கள். ‘வான்நின்று உலகம் வழங்கி’ என்னும்போதும் மழைதான், ‘விண்இன்று பொய்ப்பின்’ என்னும்போதும் மழைதான். வள்ளுவருக்கு இரண்டும் ஒன்று. காற்று மண்டலம் வரை வான், அதற்குமேல் விண் என்பது நேற்று வந்த அறிவியல் பாடப்புத்தகம் போட்ட வேலி. மேலும், வெற்றிடத்தில் ஒலி செல்லாது. விண்ணொலி என்பது உண்மைக்கு மாறான சொல்.

அதோடு, வானொலி என்ற சொல்லே இப்போதுதான் சொல்லுக்குச் சொல் மெய்யாகியிருக்கிறது. மலைமேல் கம்பத்திலிருந்து வந்ததற்கு அந்தப் பெயரை வைத்தோம். இன்று மெய்யாகவே வானத்திலிருந்து வருகிறது. வந்த வேளையில் அதற்கு வேறு பெயரா? இந்தியாவில் ஆகாசவாணி என்று பெயர் வைத்தபோது அதை எதிர்த்துத் தமிழர் காத்த சொல் அது.

*

லெனேசியா, ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து:

நான் மின்னணுப் பொறியாளன், இலக்கணம் குறைவு. ஆனால் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, மழை. ஐயா மழையைப் பேசியதால் நினைவுக்கு வந்தது. கூரையில் தட்டு வைத்துப் பார்க்கும் தொலைக்காட்சி இடிமழையில் நின்றுபோகிறதல்லவா? அந்த அலைவரிசை 12 ஆயிரம் மெகாஹெர்ட்ஸை ஒட்டியது, மழைத்துளி அதை விழுங்கும். இந்த வானொலி 1452 முதல் 1492 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் வருகிறது. மழை அதை ஏறக்குறையத் தொடுவதே இல்லை. ஆனால் மாமரம் தொடும், கான்கிரீட் தொடும். ஆன்டெனாவுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், கட்டங்கள் சரியும். 35,786 கிலோமீட்டருக்கும் மேல் கடந்து வந்தது ஒரு கைக்கு நின்றுவிடுகிறது. கையேட்டில் இது கட்டாயம் இருக்க வேண்டும்: மழைக்கு அஞ்ச வேண்டாம், மரத்துக்கு அஞ்சுங்கள்.

இரண்டாவது, பெட்டி வாங்குவது. என் அண்ணன் மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு அழகான சிறு பெட்டி கொண்டுவந்தான். அங்கே 2001இல் எக்ஸ்எம், 2002இல் சிரியஸ் என்று இரண்டு சேவைகள் தொடங்கின. அவை 2300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் வேலைசெய்பவை. அவற்றின் செயற்கைக்கோள்கள் நமது தொடுவானத்துக்குக் கீழே. இங்கே அந்தப் பெட்டி வெறும் பெட்டி. அதுபோல, ஆசியாஸ்டாரின் அலைவரிசைப் பட்டியலைப் பார்த்துவிட்டு இங்கே பணம் கட்டக் கூடாது. ஆஃப்ரிஸ்டாரில் என்ன வருகிறது என்று கேட்டபிறகே கட்ட வேண்டும். ஆகவே ‘சேவை’யும் ‘பெட்டி’யும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்பது தலைப்பிலேயே தெரிய வேண்டும்.

சொல்லைப் பற்றி: செய்தித்தாள்கள் ‘செயற்கைக்கோள் வானொலி’ என்று எழுதிவருகின்றன. நீளம்தான். ஆனால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. துணைக்கோள் என்று சுருக்கலாம் என்றால், நிலவும் துணைக்கோள்தான்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. என்னோடு வேலைசெய்யும் ஜூலு நண்பர்கள் ரேடியோவை உம்சகாசோ என்கிறார்கள். உகுசகாசா என்றால் இறைத்தல், தூவுதல். விதையை இறைப்பதுபோல் குரலை இறைப்பது. கருவியிலிருந்து பெயரைப் பிடிக்காமல் செயலிலிருந்து பிடித்திருக்கிறார்கள். நமது ஒலிபரப்பும் அப்படிப்பட்ட சொல்தான்.

*

போர்ட் லூயியிலிருந்து:

உம்சகாசோ! இந்தச் சொல்லுக்காகவே இந்த உரையாடல் நடந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இறைத்தல் என்றால் கமலை ஏற்றமும் நினைவுக்கு வருகிறது. கிணற்றிலிருந்து இறைப்பது கீழிருந்து மேலே, இது மேலிருந்து கீழே.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயாவுக்கு: வள்ளுவர் காலத்தில் விண்ணும் வானும் ஒன்றாக இருந்தன, ஒப்புக்கொள்கிறேன். ஒரே பொருளில் இரண்டு சொல் இருந்தால், புதுப் பொருள் வரும்போது ஒன்றை அதற்கு ஒதுக்குவது மொழியின் சிக்கனம். வானொலி என்பதிலும் ஒலி வானில் செல்லவில்லை, அலைதான் செல்கிறது. அதை ஏற்றவர்கள் இதையும் ஏற்கலாம்.

*

சாட்ஸ்வொர்த், டர்பனிலிருந்து:

நேற்று வகுப்பில் பெட்டியையும் சொற்களையும் ஒன்றாகக் கொண்டுபோய் வைத்தேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

‘கையடக்க ஏற்பி’ என்று எழுதியிருந்த தாளைப் படித்த ஒரு பெரியவர், பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு நடந்தார். சத்தம் நின்றது. கெடுத்துவிட்டேனோ என்று அவர் முகம் வாடிவிட்டது. பிழை அவருடையதல்ல. கையடக்கம் என்றால் கையில் வைத்துக்கொண்டு நடக்கலாம் என்றுதானே பொருள்? சிற்றலைப் பெட்டி அப்படித்தான் அவருடன் நடந்தது. இந்தப் பெட்டி வீட்டுக்கு வீடு தூக்கிக்கொண்டு போகலாம், ஆனால் போன இடத்தில் வடக்கு ஜன்னலில் உட்கார வேண்டும். அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

அப்போது பின்வரிசையில் இருந்த எண்பது வயது அம்மா ஒருவர், “இது ஜன்னல் ரேடியோ” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அதன்பிறகு வகுப்பு முடியும்வரை யாரும் வேறு பெயர் சொல்லவில்லை.

*

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

அந்த அம்மாவை வணங்குகிறேன். ஆனால் ஜன்னல் போர்த்துகீசியம், ரேடியோ ஆங்கிலம். 1860இல் டர்பனில் இறங்கிய நம் முன்னோர் கொண்டுவந்த மொழி, ஒரு பெட்டிக்குப் பெயர் வைக்க இரண்டு ஐரோப்பிய மொழிகளிடம் போய் நிற்பதா? ஜன்னலுக்குக் காலதர் என்ற சொல் சிலப்பதிகாரத்திலேயே உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. அதை ஒட்டி அலையதர் என்று ஆன்டெனாவுக்கு வைக்கலாம். இந்த நாட்டில் தமிழ் தெரிந்தவர் குறைவு என்பதற்காகச் சொல்லையும் குறைத்துக்கொண்டால், நாளை வரும் பிள்ளைக்குக் கிடைப்பது மிச்சம் மட்டுமே. 1996 அரசியலமைப்பில் மதித்துப் பேண வேண்டிய மொழிகளுள் ஒன்றாகத் தமிழ் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. சட்டம் மதிக்கும் மொழியை நாம் இரவல் சொல்லால் நிரப்பக் கூடாது.

*

லெனேசியாவிலிருந்து:

ஐயா, அலையதர் என்றால் அலை வரும் வழி. ஆன்டெனா வழி அல்ல, அலையைப் பிடிப்பது. வழி என்றால் திறந்தவெளிதான் வழி. ஆன்டெனாவுக்கு அலைவாங்கி ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. மற்றபடி தங்கள் கவலை எனக்கும் உண்டு.

*

சாட்ஸ்வொர்த், டர்பனிலிருந்து:

வியாழன் இரவு. நாளைக் காலை அச்சகத்துக்குத் தர வேண்டும். தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்து எண்ணினேன். ‘செயற்கைக்கோள் வானொலி’க்கு ஐந்து பேர், ‘விண்ணொலி’க்கு மூன்று பேர். கோட்பொறிக்கு ஐயா ஒருவரே. தலைப்பில் செயற்கைக்கோள் வானொலி என்றே போடுகிறேன். போர்ட் லூயி அம்மா வகுப்பில் விண்ணொலியைத் தொடர்ந்து சொல்லிக்கொடுங்கள். அடுத்த தலைமுறை எதை எடுத்துக்கொள்கிறது என்று பார்ப்போம்.

ரிசீவருக்கு ‘வானொலிப் பெட்டி’ மட்டும். போர்ட்டபிள் என்பதற்குத் தனிச்சொல் வைக்காமல், ‘தூக்கிச் செல்லலாம், கேட்கும்போது வடக்கு ஜன்னலில் நிலையாக வையுங்கள்’ என்று ஒரு வரியாகவே எழுதிவிட்டேன். ஆன்டெனாவுக்கு முதல் இடத்தில் ‘அலைவாங்கி, அதாவது ஏரியல்’ என்றும், பிறகு அலைவாங்கி என்றும் போட்டிருக்கிறேன். பெரியவர்கள் ஏரியல் என்றே சொல்வார்கள், அது அவர்கள் உரிமை. சந்தாவை எடுத்துவிட்டு மாதக்கட்டணம் என்று மாற்றினேன், இதில் ஐயா சொன்னதே தெளிவு. உள்ளங்கைச் சோதனை, மாமரம், அமெரிக்கப் பெட்டி மூன்றும் இரண்டாம் பக்கத்தில் வந்துவிட்டன.

முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வடக்கு என்று இருக்கிறது. கேப்டவுன் அன்பர்கள் யாராவது இருந்தால், உங்கள் ஊரில் ஏறக்குறைய நேர் வடக்கு என்பதை ஒருமுறை பெட்டியில் பார்த்துச் சொல்லுங்கள். காலை எட்டு மணிவரை திருத்தலாம்.

*

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

அச்சுக்குத் தடை சொல்லமாட்டேன் தம்பி. பெரியவர்கள் கேட்கட்டும். ஆனால் ‘பெட்டி’ என்பது சோற்றுப்பெட்டிக்கும் பொது, பிணப்பெட்டிக்கும் பொது. கொள்ளும் செயல் அதில் இல்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்குமே. அங்கே ஒன்பதாம் குறளை மட்டுமாவது அச்சிடுங்கள், விளக்கம் வேண்டாம். யாராவது ஒரு பிள்ளை அதைப் படித்துவிட்டுப் பெட்டியைப் பார்க்கக்கூடும்.