லட்சுமி மில்ஸ் தாண்டித்தான் சொன்னது

ஒண்டிப்புதூரான்:
நம்ம கோயமுத்தூர் டவுன் பஸ்ஸில் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் குரல் வந்த பிறகு இறங்கும் இடத்தைத் தவறவிட வாய்ப்பே இல்லை என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். வாய்ப்பே இல்லையாம்! அவர் கடைசியாக பஸ் ஏறியது எப்போது என்று தெரிந்தால் தேவலை. போன வாரம் பீளமேட்டில் ஏறினேன். லட்சுமி மில்ஸ் சிக்னலைத் தாண்டி வண்டி வேகம் எடுத்த பிறகுதான் "அடுத்த நிறுத்தம் லட்சுமி மில்ஸ்" என்று அம்மணி வாய் திறக்கிறார். ஒரு பெரியவர் கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு படிக்கு வந்து, டிரைவரிடம் திட்டும் வாங்கிக்கொண்டார்.

பீளமேடு பையன்:
அந்த ஒருவர் நான்தானுங்க. தாண்டிச் சொல்லாது. ஒவ்வொரு நிறுத்தத்தையும் சுற்றி மேப்பில் ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். ஜிபிஎஸ்படி பஸ் அதற்குள் நுழைந்ததும் பதிவு செய்த குரல் ஒலிக்கும். நுழையும்போது, வெளியே போகும்போது அல்ல. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டால் அதற்கு ஜிபிஎஸ் என்ன செய்யும்?

ஒண்டிப்புதூரான்:
பேரன் எடுத்தவனுக்கு இயர்போனா? வட்டம் போட்டீர்கள், சரி. அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்குத் தலைக்கு மேல் கான்கிரீட் பாலம் போட்டு 2025 அக்டோபரில் திறந்தார்களே, அது கண்ணில் படவில்லையா? பாலத்துக்கு அடியில் போகிற பஸ்ஸுக்கு சாட்டிலைட் சிக்னல் நேராக வராது. சுவரில் பட்டுத் தெறித்து வரும். பஸ் ஒரு இடத்தில், மேப்பில் புள்ளி வேறு இடத்தில். தாண்டித்தான் சொன்னது.

பீளமேடு பையன்:
லண்டன் பஸ்ஸில் ஜிபிஎஸ்ஸோடு சக்கரம் ஓடிய தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள். சிக்னல் போனாலும் இடம் தெரியும்.

ஒண்டிப்புதூரான்:
லட்சுமி மில்ஸ் லண்டனிலா இருக்கிறது? நான் ஏறின வண்டியைப் பற்றிப் பேசுங்க.

வடவள்ளி அக்கா:
முன்னால் சொன்னதா பின்னால் சொன்னதா என்று எத்தனை நேரம் இந்த அக்கப்போர்? என் தம்பிக்குக் கண் பார்வை கிடையாது. பக்கத்தில் இருப்பவரிடம் "உக்கடம் வந்தா சொல்லுங்க" என்பான். அவரும் சரி என்பார், அப்புறம் முந்தின ஸ்டாப்பிலேயே அவர் இறங்கிப் போய்விடுவார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பஸ்ஸுக்கும் சேர்த்துத்தான். குரல் இருக்கட்டும், கோளாறைச் சரி செய்யட்டும்.

ஒண்டிப்புதூரான்:
குரல் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன் அக்கா? தாண்டிச் சொன்னால் கண் தெரிந்தவன் எப்படியோ சமாளிப்பான். உங்க தம்பி பாடுதான் திண்டாட்டம். அந்தக் காலத்துக் கண்டக்டர் "மில்ஸ்லாம் எறங்கு" என்று ஒரு சத்தம் போட்டால் தூங்குகிறவனும் எழுந்துகொள்வான்.

திருப்பூர் பனியன்:
உங்களுக்கு ஸ்டாப் பெயராவது கேட்கிறது. எங்க ஊர் தனியார் பஸ்ஸில் பாட்டுச் சத்தத்தில் கண்டக்டர் விசிலே கேட்பதில்லை. கோயமுத்தூர்க்காரங்களுக்கு எல்லாம் கிடைக்கிறது, குறை மட்டும் தீர்வதில்லை.

ஒண்டிப்புதூரான்:
வந்துட்டாரய்யா. எங்கள் ஊர் பஸ்ஸைப் பற்றிப் பேசினால் திருப்பூருக்கு ஏன் எரிகிறது?

பீளமேடு பையன்:
ஒரு சந்தேகம். ஒண்டிப்புதூர் இருப்பது திருச்சி ரோட்டில். அவிநாசி ரோடு பஸ்ஸில் அண்ணனுக்கு என்ன வேலை?

ஒண்டிப்புதூரான்:
நான் எந்த ரோட்டில் போக வேண்டும் என்று உங்களிடம் பாஸ் வாங்க வேண்டுமா? மகள் வீடு பீளமேட்டில். சிறுவாணித் தண்ணீர் விவாதத்திலும் பதில் இல்லாதபோது நீங்கள் இப்படித்தான் என் வீட்டு விலாசத்துக்குப் போனீர்கள். தாண்டித்தான் சொன்னது.

பீளமேடு பையன்:
சிறுவாணியில் பாதியிலே ஓடியது யார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

திருப்பூர் பனியன்:
எரிகிறது என்று சொன்னதற்கு முதலில் பதில் சொல்லுங்க. நீங்க போட்டிருக்கிற பனியன் எந்த ஊருங்க?