ரெக்கார்டு கடைக்குள் பிடித்த இண்டி குழு வாசிக்கிறது: எங்கே நிற்பது, என்ன பேசுவது?

கேள்வி:

வணக்கம். வரும் சனிக்கிழமை மாலை, எனக்கு ரொம்பப் பிடித்த இண்டி குழு ஒரு ரெக்கார்டு கடைக்குள் வாசிக்கப்போகிறது. நான்கு பேர் கொண்ட குழு. புது ஆல்பம் வெள்ளிக்கிழமை வருகிறது, மறுநாளே இது.

ஐந்து வருடமாக இவர்களை ஹெட்போனில்தான் கேட்டு வருகிறேன். இரவு வேலை முடிந்து விடியற்காலையில் திரும்பும்போது எனக்குத் துணை இந்தப் பாட்டுகள்தான். முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டில், இரண்டாவது சரணத்துக்கு முன்னால், பாடகி மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் அப்படியே பதிவாகியிருக்கும். அதற்காகவே எத்தனையோ நாள் அந்தப் பாட்டைத் திரும்பப் போட்டிருக்கிறேன்.

பெரிய அரங்குகளில் கச்சேரி பார்த்த பழக்கம் உண்டு. கடைக்குள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. எவ்வளவு நேரம் வாசிப்பார்கள்? முன்னால் போய் நின்றால் நன்றாகக் கேட்குமா? காதுக்கு ஏதாவது வைத்துக்கொள்ள வேண்டுமா? கையெழுத்து வாங்கும்போது இரண்டு வார்த்தை பேச விடுவார்களா? அந்த மூச்சைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும்.

பதில் 1:

பெரும்பாலும் அரைமணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி. ஆறேழு பாட்டு வரும், அதில் பாதிக்கு மேல் புது ஆல்பத்திலிருந்துதான் இருக்கும். 2015 ஜூலையிலிருந்து பல நாடுகளிலும் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைதான் வெளியாகின்றன. தரவரிசைப் பட்டியலுக்கு முதல் வார விற்பனை முக்கியம் என்பதால் இந்த மாதிரிக் கடை நிகழ்ச்சிகளை அந்த வாரத்திலேயே வைத்துவிடுவார்கள். ஆல்பத்தை வாங்கினால்தான் உள்ளே விடுவோம் என்று சில கடைகளில் சொல்வதும் இதனால்தான். முன்பதிவு உண்டா, கையில் பட்டை கட்டுவார்களா என்று இன்றைக்கே கடையில் கேட்டுவிடுங்கள்.

சின்னக் குழுக்கள் மட்டும்தான் இப்படி வாசிக்கும் என்று எண்ண வேண்டாம். 2007 ஜூன் 27 அன்று ஹாலிவுட்டில் இருக்கும் அமீபா ரெக்கார்டு கடைக்குள் பால் மெக்கார்ட்னியே வந்து பாடினார். அதில் நான்கு பாட்டுகள் அதே ஆண்டு வினைலாக வந்தன. கிடைத்தால் கேட்டுப் பாருங்கள், கடைக்குள் கூட்டத்தின் சத்தம் எவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று புரியும்.

பதில் 2:

நான் சின்ன இடங்களில் ஒலி அமைக்கும் வேலை பார்க்கிறேன். எங்கே நிற்பது என்று கேட்டீர்கள், அதற்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

கடைகளில் டிரம்ஸுக்குப் பெரும்பாலும் மைக் வைக்க மாட்டோம். அதுவே போதுமான சத்தம். கிட்டாரும் பேஸ் கிட்டாரும் அவரவர் ஆம்பிலிருந்து (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) நேராக வரும். ஸ்பீக்கரில் வருவது முக்கியமாகக் குரல்தான். அந்த ஸ்பீக்கர்கள் இரண்டு ஓரத்திலும் கூட்டத்தைப் பார்த்து நிற்கும். அதனால் முதல் வரிசையில் நடுவில் நிற்பவருக்கு டிரம்ஸும் ஆம்பும் முகத்தில் அடிக்கும், குரல் மட்டும் தள்ளிப் போய்விடும். உங்களுக்கு வேண்டியது குரல். நான்கைந்து அடி பின்னால் வாருங்கள், ஏதாவது ஒரு ஸ்பீக்கர் உங்களை நேராகப் பார்க்கும்படி நில்லுங்கள். கிட்டார் ஆம்புக்கு நேர் எதிரே மட்டும் வேண்டாம். அதன் கூரான ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி ஒரே திசையில் போகும்.

இன்னொன்று. சின்ன அறையில் குரலை ஓரளவுக்கு மேல் ஏற்றினால் மைக் ஊளையிட ஆரம்பித்துவிடும். குரலை ஏற்ற முடியாது என்பதால் மற்ற எல்லோரும் குறைத்து வாசிக்க வேண்டியிருக்கும். நல்ல டிரம்மர் குச்சியை வைத்துவிட்டு பிரஷ் எடுப்பார், இல்லையென்றால் ஸ்னேர் (டிரம்ஸில் சடசடவென்று கேட்கும் டிரம்) மேல் ஒரு துணியைப் போடுவார். அப்படிப் போட்டதைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள், அன்றைக்குக் குரல் கேட்கும்.

காதடைப்பான் கட்டாயம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் பரிந்துரைக்கும் அளவு. அதன்மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிடம்தான். டிரம்ஸ் பக்கத்தில் அந்த அளவு சாதாரணமாக வரும். பஞ்சு வேண்டாம், எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடும். இசைக்கலைஞர்கள் போடுகிற வகையாக வாங்குங்கள், சத்தம் குறையும், குரல் தெளிவாகவே இருக்கும்.

பதில் 3:

ரெக்கார்டு கடையில் வேலை பார்த்தவன் என்பதால் கையெழுத்து பற்றி மட்டும். அட்டையைச் சுற்றியிருக்கும் கண்ணாடித் தாளை வரிசையில் நிற்கும்போதே கிழித்துவிடுங்கள். பளபளப்பான அட்டையில் மார்க்கர் மை சட்டென்று காயாது, உடனே பிளாஸ்டிக் உறைக்குள் தள்ளினால் இழுத்துக்கொண்டு போய்விடும். பழைய ஆல்பத்திலும் போடுவார்களா என்று கவுண்டரில் கேளுங்கள். அப்புறம், அந்த மூச்சைப் பற்றித் தயங்காமல் சொல்லுங்கள். ‘நான் உங்கள் பெரிய ரசிகன்’ என்பதை அன்றைக்கு ஐம்பது பேர் சொல்லியிருப்பார்கள்.

கேள்வி கேட்டவர், ஞாயிறு காலை:

போய்வந்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

ஜாஸ் ரெக்கார்டு அடுக்குப் பக்கம், இடது ஸ்பீக்கருக்கு நேராக நின்றேன். டிரம்மர் நிஜமாகவே ஸ்னேர் மேல் ஒரு சமையலறைத் துண்டை விரித்தார்! பேஸ் கீழே இறங்கும்போதெல்லாம் என் விரல் பட்டிருந்த ரெக்கார்டு உறைகள் லேசாக அதிர்ந்தன. ஏழு பாட்டு. ஏழாவது, அந்தப் பாட்டு. செட்லிஸ்டில், அதாவது அன்றைக்கு வாசிக்க எழுதி வைத்த பாட்டுப் பட்டியலில், அது இல்லை, பிறகு போய்ப் பார்த்தேன். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் மூன்று பேரும் நிறுத்தினார்கள். மைக் வழியாக இல்லாமல், நேராகவே அந்த மூச்சு கேட்டது.

முதல் ஆல்பத்தையும் எடுத்துப் போயிருந்தேன். பாடகியிடம் அந்த மூச்சைப் பற்றிச் சொன்னேன். ‘எந்த இடம்?’ என்று கேட்டார். மேஜைக்கு அந்தப் பக்கமிருந்தே வரியை மெதுவாக முணுமுணுத்து, மூச்சை இழுத்து, ‘ஆமாம், இருக்கிறது’ என்றார். அட்டையைத் திருப்பி, அந்தப் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் காற்புள்ளி போட்டார். இசைக்குறிப்பில் மூச்சு எடுக்கும் இடத்துக்கு அதுதான் அடையாளமாம். அதற்குக் கீழே கையெழுத்து.

மை காயும்வரை அட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.